ஆராய்ச்சிசாலையில் யார் பொறுப்பாளி?

அமெரிக்காவில் காலிபோர்னியா ராஜ்யத்தின் சர்வகலாசாலைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு பெரிய கிளை இருக்கிறது. அங்குள்ள ரஸாயன ஆராய்ச்சிசாலை ஒன்றில் 2008ஆம் வருஷம் டிசம்பர் 29ந் தேதி 23 வயதுள்ள ஒரு யுவதி வேலை செய்துகொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலம். கட்டிடத்தில் ஜன நடமாட்டம் குறைவு. ஒரு புட்டியிலிருந்த திரவத்தை அவள் பிளாஸ்டிக் ஸிரிஞ்சு ஒன்றினால் இழுத்துக்கொண்டிருந்தபோது, ஸிரிஞ்சின் உட்தண்டு கழன்று வெளியே வந்துவிட்டது. திரவம் காற்றுப்பட்ட கணமே தீப்பற்றியது. அவள் அணிந்திருந்த செயற்கை நூல் சட்டை எரிந்து உடலோடு ஒட்டிக்கொண்டது. தேகத்தில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் வெந்துபோய், 18 தினங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து, 2009ஆம் வருஷம் ஜனவரி 16ந் தேதி அவள் உயிர் நீத்தாள்.

இது நிகழ்ந்து வருஷங்கள் பல சென்றுவிட்டன. ஆயினும் இதன்மேல் எழுந்த விசாரணையும் வழக்கும் 2018ஆம் வருஷம் வரையில் நீடித்தன. வழக்கு முடிந்துவிட்டது, அது கிளப்பிய கேள்வி முடியவில்லை. ஆராய்ச்சிசாலையில் அபாயகரமான வஸ்துவைக் கையாளுகிறவனுடைய உயிருக்கு யார் பொறுப்பாளி? கையாளுகிறவன் தானா? அவனை அவ்வேலையில் ஏவிய ஆசிரியரா? புட்டியை விலை கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் ஸ்தாபனமா? இக்கேள்வி ரஸாயன சாஸ்திரிகள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று பலர் எண்ணக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. உழைக்கிறவனுக்குச் சட்டம் எவ்வளவு தூரம் பாதுகாப்பளிக்கிறது என்பதே இதன் சாரம். ஆகையால் பொது விவகாரங்களில் சிரத்தையுள்ள ஒவ்வொருவரும் இதைக் கவனிப்பது அவசியமாகும்.

திரவத்தின் சுபாவம்

அந்தத் திரவத்திற்கு டெர்ட்-பியூட்டைல் லித்தியம் என்று பெயர். லித்தியம் என்ற உலோகமும் கரியணுக்களும் சேர்ந்த கூட்டுப்பொருள் அது. புதிய மருந்துகளையும் இதர சேர்க்கைப் பொருள்களையும் ஆக்க முயலும் விஞ்ஞானிகளுக்கு அது பெரிதும் வேண்டிய துணைப்பொருள். மற்ற வஸ்துக்கள் தொட்டு அசைக்க முடியாத அணுக்கட்டுகளையும் அது அசைத்துவிடும். எந்தக் குணத்தினால் அது உபயோகப்படுகிறதோ, அந்தக் குணத்தினாலேயே அது அபாயகரமாகவும் இருக்கிறது. காற்றிலுள்ள பிராணவாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்த மாத்திரத்தில் அது தானே எரிய ஆரம்பிக்கும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம், காற்றே போதும்.

அதைத் தனியாக விற்பதில்லை. பென்டேன் போன்ற ஒரு எண்ணெய் வகைத் திரவத்தில் கரைத்தே விற்கிறார்கள். அந்தப் பென்டேன் 36 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். நமது சித்திரை வெயிலே அதற்குப் போதும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேஜைமேல் தவழ்ந்து சென்று, எங்கேனும் ஒரு பொறி இருந்தால் பற்றிக்கொள்ளும். எனவே ஒரே புட்டிக்குள் தானே பற்றும் நெருப்பும் அதற்கு வேண்டிய விறகும் சேர்ந்தே இருக்கின்றன. இப்படிப்பட்ட வஸ்துவை உலகெங்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தினந்தோறும் கையாளுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சௌக்கியமாகவே வீடு திரும்புகிறார்கள். கையாளும் முறை நன்கு தெரிந்திருப்பதே அதற்குக் காரணம்.

பேணும் முறை

அந்த முறை இன்னதென்று நேயர்கள் அறிந்துகொள்வது நல்லது. குற்றம் எங்கே நிகழ்ந்தது என்பது அதை அறிந்தால்தான் விளங்கும்.

புட்டியை ரப்பர் போன்ற ஒரு தக்கையினால் இறுக அடைத்திருப்பார்கள். உள்ளே திரவத்தின்மேல் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் அல்லது ஆர்கன் வாயு நிரம்பியிருக்கும். இவை எதனோடும் எளிதில் சேராத சாதுவான வாயுக்கள். தக்கையைத் திறக்கக்கூடாது; அதன் வழியே ஊசியைச் செலுத்தித்தான் திரவத்தை எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை நிரப்ப நைட்ரஜனையே உள்ளே விட வேண்டும். ஊசி குத்திக் குத்தி நைந்த தக்கை நாளடைவில் காற்றை உள்ளே விடும். அப்போது உள்ளிருக்கும் வஸ்து கெட்டு, வெள்ளைப் படிவாக அடியில் தங்கும். அந்தப் படிவு ஊசியை அடைத்துக்கொள்ளும். ஊசி அடைத்துக்கொண்டால் கை பலமாக இழுக்கும். பலமாக இழுத்தால் ஸிரிஞ்சு கழலும். ஆகவே புட்டி எந்த நாளில் வந்தது, எந்த நாளில் முதன்முதல் குத்தப்பட்டது என்று அதன்மேலேயே எழுதி வைக்க வேண்டும், பழையதாகிவிட்டால் வைத்துக்கொண்டிருக்கக்கூடாது.

வைக்கும் இடம் குளிர்ச்சியாகவும் உலர்ந்ததாகவும் இருக்க வேண்டும். வீட்டில் உபயோகிக்கும் சாதாரணக் குளிர்ப்பெட்டி இதற்கு உதவாது. அதன் உட்புறத்து மின்சாரக் கருவியில் தோன்றும் சிறு பொறியே கசிந்த ஆவியைக் கொளுத்திவிடும். எளிதில் எரியும் பொருள்களுக்கென்று பொறி தோன்றாதவாறு செய்த பெட்டிகள் தனியே உண்டு. அருகில் தண்ணீர்க் குழாய் கூடாது. பிராணவாயுவை வெளியிடும் உப்புக்களும் அமிலங்களும் கூடாது. தேவைக்கு மிஞ்சி வாங்கி அடுக்கி வைப்பது சிக்கனமாகாது. அவ்வளவுக்கு அபாயத்தைச் சேமித்து வைப்பதே ஆகும்.

எடுக்கும்போது, ஆவியை இழுத்து வெளியே தள்ளும் கண்ணாடிப் பெட்டிக்குள் கதவைத் தாழ்த்திக்கொண்டே வேலை செய்ய வேண்டும். புட்டியைச் சாய்க்காமல் நிறுத்தியபடியே அடிவரையில் எட்டக்கூடிய நீண்ட ஊசி வேண்டும். ஸிரிஞ்சைப் பாதிக்குமேல் நிரப்பலாகாது. எடுக்க வேண்டிய அளவு பெரிதானால் ஸிரிஞ்சையே விட்டுவிட்டு, இரு முனையும் கூரான குழாய் ஒன்றினால் வாயுவின் அழுத்தத்தைக் கொண்டு ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்குத் திரவத்தை மாற்ற வேண்டும். எளிதில் தீப்பற்றாத மேலங்கி அவசியம் அணிய வேண்டும். எரியக்கூடிய வேறு திரவம் பக்கத்தில் திறந்திருக்கலாகாது. தீயை அணைக்க உலர்ந்த பொடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புட்டியின் தீயில் தண்ணீரை ஊற்றினால் அது இன்னும் மூளும். ஆனால் மனிதன்மேல் தீப்பற்றிவிட்டால் அவனைத் தாமதமின்றி ஸ்நானக் குழாயின்கீழ் நிறுத்த வேண்டும். இந்த வேறுபாட்டை வேலை செய்பவர் மட்டுமின்றிப் பக்கத்தில் நிற்பவரும் அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, இவ்வேலையைத் தனியாகச் செய்யவே கூடாது.

இவற்றில் ஒன்றும் ரகசியமல்ல. 2008ஆம் வருஷத்தில் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதும் அல்ல. அந்த வஸ்துவை விற்கிற கம்பெனிகளே இந்த விதிகளைப் படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டிருந்தன.

அன்று நடந்தது

இவ்விதிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அன்று அந்த மேஜையில் இருந்த நிலைமையைப் பார்ப்போம். ஸிரிஞ்சு 60 மில்லி லிட்டர் கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் ஸிரிஞ்சு. எடுக்க முயன்ற அளவோ அது ஏறக்குறைய நிரம்பும் அளவு. ஊசி சுமார் இரண்டு அங்குலமே நீளம். ஆகையால் திரவத்தை எட்டுவதற்குப் புட்டியைச் சாய்த்தாக வேண்டும். பக்கத்தில் ஹெக்ஸேன் என்ற எரியும் திரவம் ஒரு பாத்திரத்தில் திறந்திருந்தது; அதுவும் கவிழ்ந்து தீப்பற்றியது. மேலங்கி அவள் அணியவில்லை. ஸ்நானக் குழாய் அறையில் இருந்தது. ஓடிவந்து உதவ முயன்றவர் தமது மேலங்கியினால் தீயை அணைக்கப் பார்த்தாரேயன்றி அவளைக் குழாயின்கீழ் கொண்டுசெல்லவில்லை. அவர்மேல் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கணத்தில் என்ன செய்ய வேண்டுமென்பதை முன்னதாகவே பழக்கியிருந்தால்தான் கை தானாக அதைச் செய்யும்.

அந்த யுவதி அவ்வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. அவ்வருஷந்தான் பட்டம் பெற்றவள். பிற்காலத்தில் சட்டம் படிக்க விரும்பியிருந்தாள். இந்த வஸ்துவைக் கையாளுவதற்கு அவளுக்குப் பயிற்சி அளித்ததாகக் காட்டும் பதிவு எதுவும் சர்வகலாசாலையிடம் இல்லை என்று ராஜ்யத்தின் தொழிற் பாதுகாப்பு இலாகா விசாரணையில் கண்டது.

இதைவிட வருந்தத்தக்க ஒரு விஷயம் உண்டு. தீ நேர்வதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2008ஆம் வருஷம் அக்டோபரில், சர்வகலாசாலையின் சொந்தப் பரிசோதகர்களே அந்த ஆராய்ச்சிசாலையைப் பார்வையிட்டிருந்தார்கள். ஒரு டஜனுக்கு மேற்பட்ட குறைகளைக் கண்டு எழுதினார்கள். வேலை செய்பவர்கள் மேலங்கி அணியவில்லை என்பது அவற்றில் ஒன்று. எரியும் திரவங்களைச் சரியாக வைக்கவில்லை என்பது மற்றொன்று. டிசம்பர் 5ந் தேதிக்குள் இவற்றைச் சீர்செய்ய வேண்டுமென்று கெடுவும் விதித்தார்கள். கெடு கடந்தது, குறைகள் அப்படியே இருந்தன. கெடுவுக்குப் பிறகு 24ஆம் நாள் அந்த யுவதி தீக்கு இரையானாள். பரிசோதகர் குறை எழுதினார். காகிதம் கோப்பில் சேர்ந்தது. குறை தீரும்வரை ஆராய்ச்சிசாலையை மூடி வைக்க யாரும் முன்வரவில்லை. எழுதுவதோடு கடமை முடிந்தது என்று எண்ணும் உத்தியோக மனப்பான்மை எந்த நாட்டுக்கும் தனிச் சொத்தல்ல என்பது இதனால் விளங்குகிறது.

அறியாமை வேறு, அசட்டை வேறு

"விஞ்ஞானம் என்றால் அபாயம் இருக்கத்தான் செய்யும், புதிய வழியில் செல்பவர்கள் சில சமயம் பலியாவது தவிர்க்க முடியாதது" என்று சமாதானம் சொல்வோர் உளர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் எவ்வளவு உண்மை என்பதை அளந்து பார்க்க வேண்டும். அதற்கு அமெரிக்காவிலேயே நிகழ்ந்த வேறொரு மரணத்தை நினைவுபடுத்துகிறோம்.

டார்ட்மத் கலாசாலையில் ரஸாயனப் பேராசிரியராக இருந்த காரென் வெட்டர்ஹான் என்ற அம்மையார், உலோக விஷங்களை ஆராய்வதில் பெரும் பெயர் பெற்றவர். 1996ஆம் வருஷம் ஆகஸ்டு 14ந் தேதி டைமெத்தில் மெர்குரி என்ற பாதரஸக் கூட்டுப்பொருளை அவர் எடுத்தபோது ஒன்றிரண்டு துளிகள் கையுறையின்மேல் சிந்தின. அவர் கையுறை அணிந்திருந்தார், கண்ணாடி அணிந்திருந்தார், ஆவி இழுக்கும் பெட்டிக்குள்ளேயே வேலை செய்தார். அக்காலத்தில் தெரிந்திருந்த விதிகளை அவர் மீறவில்லை. ஆனால் அந்தத் துளி சாதாரண ரப்பர்க் கையுறையைச் சில விநாடிகளிலேயே ஊடுருவிவிடும் என்பது அப்போது உணரப்படவில்லை. மாதங்கள் சென்றபின் நடை தள்ளாடிற்று, பேச்சுக் குழறிற்று. 1997ஆம் வருஷம் ஜூன் 8ந் தேதி அவர் காலமானார். அந்த விபத்துக்குப் பிறகே அந்தக் கையுறைகளைச் சோதித்து உண்மையைக் கண்டார்கள். உலகம் முழுவதும் விதிகள் மாறின. அந்த வஸ்துவை இயன்றவரை உபயோகிக்கவே கூடாது என்ற எச்சரிக்கையும் பிறந்தது.

டார்ட்மத்தில் அறியாமை கொன்றது. அது துக்கத்துக்குரியது, அதிலிருந்து உலகம் ஓர் உண்மையைக் கற்றது. லாஸ் ஏஞ்சலிஸில் கற்பதற்குப் புதிதாக ஒன்றுமே இல்லை. எல்லாம் அச்சில் இருந்தது. குறையும் எழுத்தில் இருந்தது. தெரிந்த அபாயத்திற்குத் தெரிந்த பரிகாரத்தைச் செய்யாமல் விட்டுவிட்டு, அதற்கு விஞ்ஞானத்தின் பெயரால் பலி என்று பெயர் சூட்டுவது விஞ்ஞானத்திற்கே இழுக்காகும்.

சட்டத்தின் எல்லை

விபத்தின் பிறகு ராஜ்யத்தின் தொழிற் பாதுகாப்பு இலாகா 2009ஆம் வருஷம் மே மாதத்தில் சர்வகலாசாலைக்கு 31,875 டாலர் அபராதம் விதித்தது. பயிற்சி அளிக்கவில்லை, கண்ட குறையைத் திருத்தவில்லை, தக்க மேலங்கி அணியச் செய்யவில்லை என்பவை குற்றங்கள். அத்துடன் விஷயம் முடிந்துவிடும் என்றே பலர் நினைத்தனர். ஆனால் இறந்தவளின் குடும்பத்தார் ஓயவில்லை. 2011ஆம் வருஷம் டிசம்பரில், சர்வகலாசாலையின் நிர்வாக சபை மீதும் ஆராய்ச்சிசாலைத் தலைவரான பேராசிரியர் மீதும் கிரிமினல் வழக்குத் தொடரப்பட்டது. கல்வி ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிசாலை விபத்துக்காக ஒரு பேராசிரியர் அந்நாட்டில் கிரிமினல் குற்றவாளிக் கூண்டில் நின்றது அதுவே முதல் தடவை என்று சொல்லப்படுகிறது.

2012ஆம் வருஷம் ஜூலையில் நிர்வாக சபை சமரசத்துக்கு வந்தது. அன்று அந்த ஆராய்ச்சிசாலை இருந்த நிலைமைக்குத் தான் பொறுப்பாளி என்று ஏற்றுக்கொண்டது. தன் கிளைகள் அனைத்திலும் பாதுகாப்பு விதிகளைக் கண்டிப்பாக அமுல் நடத்தவும், இறந்தவள் பெயரால் சட்டம் படிக்கும் மாணவர்களுக்கு 5 லக்ஷம் டாலரில் உதவிநிதி ஏற்படுத்தவும் சம்மதித்தது. பேராசிரியர் 2014ஆம் வருஷம் ஜூனில் ஓர் உடன்பாட்டுக்கு உட்பட்டார். அதன்படி, தீப்புண் ஆஸ்பத்திரிக்கு 10,000 டாலர் கொடுக்க வேண்டும். 800 மணி நேரம் பொதுநலப் பணி செய்ய வேண்டும். நிபந்தனைகளை நிறைவேற்றினால் வழக்குத் தள்ளப்படும். 2018இல் அவ்வாறே தள்ளப்பட்டது. இந்தத் தண்டனை போதுமா போதாதா என்பதைப்பற்றி அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஒரு மனிதரைச் சிறையில் அடைப்பதால் மட்டும் ஆராய்ச்சிசாலைகள் சீர்பட்டுவிடா என்பது நமது கருத்து. நாம் கவனிக்க விரும்புவது வேறொன்று.

அந்த யுவதி சம்பளம் வாங்கும் சிப்பந்தி. அதனால்தான் தொழிற் பாதுகாப்பு இலாகா விசாரிக்க முடிந்தது. அதனால்தான் வழக்கும் தொடர முடிந்தது. அதே மேஜையில், அதே ஸிரிஞ்சைப் பிடித்து, அதே நெருப்பில் ஒரு மாணவி மாண்டிருந்தால், அந்தச் சட்டம் அவளை ஏறெடுத்தும் பார்த்திராது! ஆராய்ச்சிசாலைகளுக்கென்று அமெரிக்க மத்திய சர்க்கார் 1990ஆம் வருஷத்தில் ஏற்படுத்திய விதிகளும் ஊழியர்களுக்கே உரியவை. கூலி பெறாத மாணவர்களுக்கு அல்ல. நெருப்புக்குத் தெரியாத இந்த வித்தியாசம் சட்டத்துக்கு எங்கிருந்து வந்தது?

இது வெறும் ஊகமல்ல என்பதைக் காட்ட 2010ஆம் வருஷம் ஜனவரியில் டெக்ஸாஸ் டெக் சர்வகலாசாலையில் நிகழ்ந்ததைச் சொல்லலாம். அங்கே வெடிக்கும் தன்மையுள்ள ஒரு நிக்கல் கூட்டுப்பொருளை ஆராய்ந்து வந்தார்கள். ஒரு தடவைக்கு 100 மில்லி கிராமுக்கு மேல் செய்யலாகாது என்பது ஏற்பாடு. ஆனால் அது வாய்ச்சொல்லாக இருந்ததேயன்றி எழுத்தில் இல்லை. பல சோதனைகளுக்கும் ஒரே தடவையில் செய்த சரக்கு இருந்தால் சௌகரியம் என்று எண்ணி, மாணவர்கள் சுமார் 10 கிராம் செய்தார்கள். அதாவது நூறு மடங்கு. அதை அரைத்துக்கொண்டிருந்த மாணவர், வேலை முடிந்தது என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டு அப்பால் சென்றார். இன்னும் ஒரு முறை கிளறிவிடலாம் என்று திரும்பி வந்தபோது அது வெடித்தது. மூன்று விரல்கள் போயின, முகம் வெந்தது, கண்ணும் காயமுற்றது. அமெரிக்காவின் ரஸாயனப் பாதுகாப்பு விசாரணைச் சபை இதை ஆராய்ந்து 2011ஆம் வருஷத்தில் அறிக்கை வெளியிட்டது. முன்பே அங்கு நேர்ந்த சிறு விபத்துக்களிலிருந்து பாடம் கற்கவில்லை என்றும், தொழிற் பாதுகாப்பு விதிகள் மாணவரைத் தழுவவில்லை என்றும் அது எடுத்துக்காட்டியது.

தொழிற்சாலைச் சட்டங்கள் எந்த நாட்டிலும் முதலாளிகளின் கருணையினால் பிறந்தவை அல்ல. தொழிலாளர்கள் ஒன்றுகூடிக் கேட்டார்கள், கிளர்ச்சி செய்தார்கள், பெற்றார்கள். ஆராய்ச்சி மாணவனுக்கோ அப்படிக் கேட்கும் வாய்ப்புக் குறைவு. அவனுடைய பட்டம் ஒரே ஓர் ஆசிரியரின் கையெழுத்தில் இருக்கிறது. பின்னால் அவனுக்கு உத்தியோகம் கிடைப்பதும் அவர் கொடுக்கும் சிபார்சுக் கடிதத்தைப் பொறுத்தது. ஆசிரியரின் கீர்த்தியோ வெளியிடும் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது, மானியமும் அவ்வாறே. இந்த நிலையில் "இந்த ஊசி சிறியது, இந்த அளவு பெரியது, நான் செய்யமாட்டேன்" என்று சொல்லும் தைரியம் 23 வயதுப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும்? பாதுகாப்பைப்பற்றிய பேச்சில் பெரும்பாலும் மறைந்துபோகும் உண்மை இதுவே.

இரண்டு ஆக்ஷேபங்கள்

இதற்கு இரண்டு ஆக்ஷேபங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது, "படித்த பிள்ளைகள் தாமே ஜாக்கிரதையாக இருக்கக்கூடாதா?" என்பது. இருக்க வேண்டியதுதான். ஆனால் ஜாக்கிரதை என்பது பிறவியில் வருவதல்ல, பழக்கத்தில் வருவது. பழக்குவது மூத்தவர்களின் கடமை. மேலங்கி அணியாத அறைக்குள் நுழைகிற புதியவன், மேலங்கி தேவையில்லை என்பதையே முதல் பாடமாகக் கற்றுக்கொள்கிறான்.

இரண்டாவது, "கண்டிப்பும் பரிசோதனையும் மிகுந்தால் ஆராய்ச்சியின் சுதந்திரம் கெடும்" என்பது. மருந்துக் கம்பெனிகளும் இத்தகைய வஸ்துக்களை உபயோகிக்கின்றன. கண்டிப்பான விதிகளின்கீழ் உபயோகிக்கின்றன. அதனால் அவற்றின் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் சர்வகலாசாலையே விபத்துக்குப்பின் பரிசோதனைகளை அதிகப்படுத்திற்று. தீப்பற்றாத மேலங்கிகளை வழங்கிற்று. ஆராய்ச்சிசாலைப் பாதுகாப்பைப் படிப்பதற்கென்றே ஒரு நிலையமும் ஏற்படுத்திற்று. அதன்பின் அங்கு ரஸாயனம் வளராமல் போய்விட்டதென்று யாரும் சொல்லவில்லை. பின்னால் செய்ய முடிந்ததை முன்னால் செய்வதற்கு எது தடையாக இருந்தது?

நமது நாட்டில்

இவையெல்லாம் கடல்கடந்த நாட்டின் கதை என்று நாம் அமைதியாக இருந்துவிடுவதற்கில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் விபத்து நேர்ந்து சரியாக ஒரு வருஷம் கழிந்த அதே தேதியில், 2009ஆம் வருஷம் டிசம்பர் 29ந் தேதியன்று, பம்பாய் டிராம்பேயிலுள்ள பாபா அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் ரஸாயன ஆராய்ச்சிசாலை ஒன்றில் தீ மூண்டு இரண்டு இளம் ஆராய்ச்சியாளர்கள் மாண்டார்கள். 2018ஆம் வருஷம் டிசம்பர் 5ந் தேதி பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆராய்ச்சிசாலையில் நேர்ந்த வெடிப்பில் ஓர் ஆராய்ச்சியாளர் உயிரிழந்தார், மூவர் காயமுற்றனர்.

பேணி வைப்பதில் காட்டும் அசட்டை ஆராய்ச்சிசாலையின் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. டில்லி சர்வகலாசாலையின் ரஸாயனப் பகுதியில் பல வருஷங்களாக உபயோகமின்றிக் கிடந்த கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி ஒன்றை 2010ஆம் வருஷத்தில் பழைய சாமானோடு சாமானாக ஏலம் போட்டுவிட்டார்கள். அது மாயாபுரியில் பழைய இரும்பு வியாபாரிகளின் கையில் பிரிக்கப்பட்டது. ஒருவர் இறந்தார், பலர் நோயுற்றார்கள். அறையின் மூலையில் மறந்துபோன வஸ்து, அதன் பெயரையே கேட்டிராத ஏழைத் தொழிலாளியின் உயிரைக் குடித்தது. வாங்கும்போது கையெழுத்திடப் பலர் இருக்கிறார்கள். வைத்துப் பேணவும் கடைசியில் ஒழிக்கவும் ஒருவரும் இல்லை.

நமது தொழிற்சாலைச் சட்டம் 1948ஆம் வருஷத்தில் வந்தது. அது தொழிற்சாலையை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. 1984ஆம் வருஷத்துப் போபால் கோரத்திற்குப் பிறகு, 1986இல் சுற்றுப்புறப் பாதுகாப்புச் சட்டமும் 1989இல் அபாய ரஸாயனங்களைப்பற்றிய விதிகளும் வந்தன. அவை பெரும்பாலும் டன் கணக்கில் சேமிக்கும் ஆலைகளையும் கிடங்குகளையும் கருதியவை. ஓர் ஆராய்ச்சிசாலை அலமாரியில் உள்ள நூறு மில்லி லிட்டர் புட்டி அந்தக் கணக்கில் மிகவும் அற்பம். கொல்வதற்கோ அதில் பாதியும் வேண்டியதில்லை.

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று. முதலாவது, சம்பளம் வாங்குகிறவரானாலும், உதவித்தொகை பெறுகிறவரானாலும், ஒன்றும் பெறாத மாணவரானாலும், அபாயகரமான வஸ்துவைத் தொடுகிற எல்லாருக்கும் ஒரே பாதுகாப்பைச் சட்டம் அளிக்க வேண்டும். விபத்து எவ்வளவு சிறிதானாலும் அதைப் பகிரங்கமாகப் பதிவு செய்யக் கட்டாயப்படுத்த வேண்டும். இரண்டாவது, பரிசோதகர் அந்தப் பகுதித் தலைவரின்கீழ் உள்ளவராக இருக்கலாகாது. குறை தீரும்வரை கதவைப் பூட்டும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும். பூட்டும் அதிகாரமில்லாத பரிசோதனையின் பயன் என்னவென்பதை லாஸ் ஏஞ்சலிஸில் பார்த்தோம். மூன்றாவது, பயிற்சி பெறாத வேலையைச் செய்ய மறுப்பதற்கு மாணவனுக்கு உரிமை வேண்டும். அதனால் அவன் பட்டத்துக்கோ உதவித்தொகைக்கோ ஊறு நேராதபடி விதி இருக்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பணம் தேவையில்லை. பருத்தியில் நெய்த, தீயைத் தாங்கும் மேலங்கி ஒன்றின் விலையும், நீண்ட ஊசி ஒன்றின் விலையும், ஒரு நாள் பயிற்சியின் செலவும் எந்தச் சர்வகலாசாலையின் பொக்கிஷத்தையும் காலி செய்துவிடா. பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் பெற்றோர்களும், மாணவர் சங்கங்களும், சட்டசபை அங்கத்தினர்களும் இதைக் கேட்டு வாங்க வேண்டும். கேளாமல் எந்தச் சட்டமும் வந்ததில்லை.

ஒவ்வொரு ரஸாயனப் புட்டியின்மேலும் அதற்குள் இருக்கும் வஸ்துவின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. விற்ற கம்பெனியின் பெயரும் இருக்கிறது. அதை வாங்கி வைத்தவர், பேணுபவர், கையாளுகிறவருக்குப் பயிற்சி அளித்தவர் ஆகியோரின் பெயர்களும் அதே சீட்டில் எழுதப்பட வேண்டும். அவ்வாறு எழுதுவதற்கு ஸ்தாபனத் தலைவர்கள் தயங்கினால், அந்தப் புட்டியை வாங்கும் யோக்கியதை அந்த ஸ்தாபனத்துக்கு இன்னும் ஏற்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.